உன் இடத்தில் நான் போட்ட பூஜ்யம்

போன வியாழக்கிழமை பாண்டி பஜாருக்கு மொய்க் கவர் வாங்கப் போனேன். உன் மகள் கல்யாணத்துக்குத்தான். மாம்பழ மஞ்சளில், பிள்ளையார் படம் போட்டு, மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர். அந்த நாணயத்தை விரலால் தடவிப் பார்த்தபடி நின்றவள் அப்படியே சிலையாகிவிட்டேன். இது எதற்கு ஒட்டியிருக்கிறது? உள்ளே வைக்கும் தொகை பூஜ்யத்தில் முடியக் கூடாது என்பதற்காக. பூஜ்யத்தில் முடியக் கூடாது! அடக் கடவுளே, நாம் இத்தனை வருஷமாய் அங்கேதானே மாட்டிக்கொண்டிருந்தோம்!

கவரைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார். "யக்கா! கவரை எடுத்துக்கினு நீ பாட்டுக்குப் போறியே, காசு இன்னா உங்க மாமனா வந்து குடுப்பாரு?" திரும்பி வந்து கொடுத்தேன். மீதிச் சில்லறையை வாங்க மறந்து நின்றேன். "உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைக்குள்தான் தீபாவளி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல முடியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ போய் இரண்டு மார்கழி கடந்துவிட்டது என்பது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிற்குமா, நிற்காதா? அதற்குப் பதில்.

ஆனால் உடனே சொல்ல மாட்டேன். நீ மட்டும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கிறாயா? உன் ஆத்து ரசத்தில் என்ன போடுகிறாய் என்று கேட்டால் துவரம்பருப்பு விளைகிற நிலத்திலிருந்து ஆரம்பிப்பாய். இன்றைக்கு என் முறை.

லஸ் பக்கத்துப் பூங்காவில் எட்டு வடிவத்தில் கல் பதித்த பாதை ஒன்று உண்டே, அதில்தான் முதலில் பார்த்துக்கொண்டோம். எட்டுப் போட்டு நடந்தால் முழங்கால் வலி போகும் என்று யாரோ கிளப்பிவிட, மயிலாப்பூரில் பாதிப் பேர் அங்கே சுற்றிக்கொண்டிருந்த காலம். எட்டின் நடுவில், இரண்டு வளையமும் சேருகிற இடத்தில், நீயும் நானும் மோதிக்கொண்டோம். நீ "சாரி" என்று சொல்லவில்லை. "முதல் ஒன்பது இலக்கமும் ஒவ்வொரு தரம்தான் வரணும்னா அஞ்சாவது இடத்துல அஞ்சுதானே வரும்?" என்று கேட்டாய். கையில் உன் மகளின் பள்ளியில் கொடுத்த புதிர்த்தாள். நான் யார், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. கேள்வி மட்டும் கேட்டுவிட்டாய்.

நான் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு கல்யாணமாகி, தி.நகர் பாத்திரக்கடைக் குடும்பத்தில் வந்து விழுந்தவள். எவர்சில்வர் அடுக்கு, குத்துவிளக்கு, சீர்வரிசை என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இருபது வருஷமாக என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "பத்தாவது இடத்துல பூஜ்யம் போயிருச்சுன்னா ஆமா, அஞ்சாவது அஞ்சுதான்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பின்னால் எட்டுப் போட்டு வந்தவர்கள் எல்லாரும் நம்மால் நின்றுவிட்டார்கள்.

புதிர் எவ்வளவு அழகு! பத்து இலக்கத்தில் ஓர் எண்; பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் ஒரே தரம். முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் இரண்டால் வகுபட வேண்டும். முதல் மூன்று, மூன்றால். முதல் நான்கு, நான்கால். இப்படியே பத்து வரை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தோம்: 3816547290. முப்பத்தெட்டு இரண்டுக்குப் போகும். முந்நூற்று எண்பத்தொன்று மூன்றுக்கு. மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு நான்குக்கு. ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்து மீதி இல்லாமல் வந்தபோது நீ குளக்கரைப் பூக்காரம்மா எதிரில் குதித்தாய். "ஒன்பது பேரும் ஒவ்வொரு தரம் வந்து அவாவா எடத்துல உக்காந்துண்டுட்டா, நவக்கிரகம் மாதிரி" என்றாய். பூக்காரம்மா பயபக்தியுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேறு யாராய் இருந்தாலும் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நீதான் அடுத்த கேள்வியைக் கேட்டாய். "பத்தோட ஏன் நிறுத்தணும்? பதினொண்ணாவது போடேன்." போட்டோம். ஆறு வந்தது. பன்னிரண்டுக்குப் பூஜ்யம். பதிமூன்றுக்கு எட்டு. பதினாலுக்கு ஒன்றுமே வரவில்லை. பதினாலால் வகுத்தால் மீதி பத்து. பக்கத்தில் எந்த இலக்கம் போட்டாலும் நூறிலிருந்து நூற்றொன்பதுக்குள் நிற்கும். பதினாலின் மடங்கோ தொண்ணூற்றெட்டு, அடுத்தது நூற்றுப்பன்னிரண்டு. நடுவில் கிடையாது. நவக்கிரகமும் பதிமூன்றோடு படுத்துவிட்டது. நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "இது போனா என்ன, வேற ஒண்ணு போகும்" என்றாய்.

அப்படித்தான் ஆட்டம் ஆரம்பித்தது. முதல் இலக்கம் உன்னுடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவது உன்னுடையது. வகுபட வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். யார் முறையில் இலக்கம் கிடைக்காமல் போகிறதோ அவள் தோற்றாள், மற்றவளுக்கு ஒரு முழம் மல்லி. எட்டு இலக்கம் வரை நடந்துகொண்டே வாயால் போடுவோம். அதற்கு மேல் அவரவர் வீட்டில் காகிதத்தில் வகுத்து, போனில் மெசேஜ். ஒரே ஓர் இலக்கம், வேறு எழுத்துக் கிடையாது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி காந்தி, யாரோ நாலுன்னு அனுப்பிருக்காவ. என்ன நாலு? எங்க நாலு?" என்று கேட்டார். ஒரு மனைவி கணவனிடம் விளக்கக் கூடிய விஷயமா அது? "நாலு பேருக்கு நல்லது செய்யணும்னு சொல்லுதா" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை நம்புகிறார்.

தி.நகரிலிருந்து மயிலாப்பூர் பஸ்ஸில் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பெண்களுக்கு இலவச டிக்கெட் உள்ள பஸ். நான் நாலு போட்டிருந்தேன். நீ கண்ணை மூடி மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாய். கண்டக்டர் வந்து, "எத்தினி பேரும்மா?" என்றார். அந்த நேரம் பார்த்து உனக்குக் கிடைத்துவிட்டது. "எட்டு!" என்று கத்தினாய். அவரும் எட்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அப்புறம் நம்மைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "ரெண்டு பேருதான கீறீங்க? மீதி ஆறு பேரு இன்னா, டாப்புல கீறாங்களா?" நீ மிகவும் பொறுமையாக, "சார், நீங்க தப்பா எடுத்துண்டுட்டேள். இது ஒன்பதாவது இலக்கம்" என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தாய். பஸ் ஆழ்வார்பேட்டை தாண்டுகிற வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் ஆச்சரியம். இறங்கும்போது, "பதினொண்ணுக்கு மேல ஒரே ஒரு நம்பருதான் பொருந்தும்ன்றீங்க. அதுவும் இல்லாங்காட்டி?" என்று கேட்டார். "அதானே எங்க சண்டையே!" என்றாய் நீ.

அதுதான் நம் சண்டை. பத்து இலக்கம் வரைக்கும் நம் கையில் தேர்வு இருக்கிறது; இதைப் போடலாமா, அதைப் போடலாமா என்று. பதினொன்று வந்துவிட்டால் தேர்வு போய்விடுகிறது. நம்மிடம் இருப்பது பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கம். பதினொன்றின் மடங்குகளோ பதினொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்று பொருந்தினால் உண்டு, இல்லாவிட்டால் அதோ கதி. போகப் போக இடைவெளி பெருகும், பொருந்தும் வாய்ப்புச் சிறுக்கும். ஆகவே எல்லா எண்ணும் ஒரு நாள் நின்றுதான் தீரும் என்பது என் கட்சி.

"அதெப்படிக் கடைசி வரைக்கும் ஓடும்? ஒரு எடத்துல நின்னுதான ஆகணும்?" என்பேன்.

"நிக்கவே நிக்காதுடி. எங்கயோ ஒண்ணு ஓடிண்டே இருக்கு. நம்ம கண்ணுல படலை, அவ்ளோதான்."

"கண்ணுல படாதத எப்படி நம்புறது?"

"நீ சுவாமியைப் பாத்துட்டுத்தான் கன்னத்துல போட்டுக்கறியா?"

உனக்கு அது வெறும் கணக்கு இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருஷம். எல்லாம் மார்ச்சில் முடியும், எல்லாம் கடைசி வரியில் கோடு போட்டு நிற்கும். "முடியாதது ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுண்டா போறும், காந்தி. அதை நான் எழுதி முடிக்கணும்கறதில்லை" என்று ஒரு நாள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாய். அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

நம்முடைய மிகப் பெரிய எண் பதினெட்டு இலக்கத்தில் நின்றது. அதன் பிறகு எத்தனையோ முறை ஆடினோம், பதினெட்டைத் தாண்டவில்லை. "பதினெட்டாம் படி ஏறியாச்சு, சந்நிதிதான் தெரியலை" என்பாய். எனக்கோ பயங்கர குஷி. பார், நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று உன்னைச் சீண்டுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் ஆரம்பித்த புதிதில், 12 என்று இரண்டு இலக்கம் மட்டும் போட்டு, உன் முறையில் நீ யோசித்துக்கொண்டிருந்தாய். "பூஜ்யம் போடு. நூத்தி இருபது, மூணுக்குப் போகும்" என்று எடுத்துக்கொடுத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வாசலில் வெறும் குடத்தோடு நிற்கிறவளைப் பார்ப்பது போல. "நன்னா இருக்கே! கையறிஞ்சு பூஜ்யம் போடுவாளோ? மொய்யே நூத்தியொண்ணுன்னு எழுதறோம். கணக்கா வந்து போட்டாத்தான் ஏத்துக்கணும், நாமா போடப்படாது." எனக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் கடையிலும் முதல் பில் முழு நூறாக வந்தால் மாமனார் ஒரு கரண்டியைச் சேர்த்து விற்கச் சொல்வார். திருநெல்வேலியும் மயிலாப்பூரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். எனவே சட்டம் இரண்டானது. பத்தாவது இடத்துப் பூஜ்யம் கணக்கு கேட்பது, அதைப் போடலாம். பதினொன்றுக்கு அப்புறம் அதுவாக வருவது, வரட்டும். தேர்வு நம் கையில் இருக்கும்போது பூஜ்யம் கூடாது.

வேறு ஊரில், வேறு பாஷையில் இதே ஆட்டத்தை ஆடிய எவருக்கும் இந்தத் தடை இருந்திருக்காது. பி.எஸ்ஸி. கணிதமும் ஆடிட்டர் ஆபீஸும் சேர்ந்து, சகுனம் பார்த்து எண் தேடியிருக்கிறோம்!

நீ போனது ஒரு செவ்வாய்க்கிழமை. டிகாக்‌ஷன் இறக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் மகள் போன் செய்தாள். முதல் நாள் ஆட்டத்தை ஆறாவது இலக்கத்தில் விட்டிருந்தோம். உன் முறை. உங்கள் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது, எனக்கு ஏழாவது இலக்கம் என்னவாக இருக்கும் என்றுதான் ஓடியது. என்ன ஜன்மம் நான் என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது, அடக்க முடியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு பேர் முறையையும் நானே ஆடிவந்தேன். உன் இடங்களில் நீ போடுவதையே போடுவேன். போகப் போக நீ எப்போதும் மூன்றில்தான் ஆரம்பிப்பாய், நான் ஆறு போடுவேன், அது நம் வாடிக்கை. மூன்றாவது இடத்தில் நீ ஒன்பது போடுவாய், இல்லாவிட்டால் மூன்று. அலுத்தால் ஆறு. அப்படியே நானும் 369, 363, 366 என்று போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தேன். உன் சட்டத்தை மீற வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீ இருந்தபோதாவது முணுமுணுத்திருப்பேன். போன பிறகு அது வேதவாக்காகிவிட்டது.

கடைசியில் அந்த மஞ்சள் கவர்!

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 36 என்று எழுதினேன். அடுத்தது உன் இடம். பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். விளக்கேற்றிய இடத்தில் நின்று, "கோவிச்சுக்காத" என்று உன்னிடம் சொன்னேன். அப்புறம் வந்து போட்டேன். 360. முந்நூற்று அறுபது மூன்றுக்குப் போகும், யார் தடுத்தது?

அன்றும் மறுநாளும் அடுத்த நாளும் அதுவே வேலை. ஒரு கிளை பதினொன்றில் செத்தது, ஒன்று பதினாலில். எத்தனை தாள் கிழித்தேன் என்று எனக்குத் தெரியாது, காலண்டரில் போன வருஷம் முழுக்கக் காலி. நேற்று மத்தியானம் 3608528850 என்று ஒன்று வந்தது. இத்தனை எட்டா என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். பதினொன்றுக்கு மூன்று. பன்னிரண்டுக்கு ஆறு. பதிமூன்றுக்கு எட்டு. பதினாலுக்கு, நம் நவக்கிரகம் விழுந்த அதே படியில், நாலு! பதினைந்துக்குப் பூஜ்யம், பதினாறுக்கும் பூஜ்யம். எல்லாம் கணக்கு தானாகக் கொடுத்தது, நான் ஒன்றும் போடவில்லை, சத்தியம். பதினேழால் வகுத்தேன், மீதி ஒன்று. பக்கத்தில் ஏழு வைத்தால் பதினேழாகவே வந்து நிற்கிறது! பதினெட்டுக்கு எட்டு. பதினெட்டாம் படி வந்தாயிற்று. இங்கேதானே நாம் எப்போதும் திரும்பி வந்தோம்.

பத்தொன்பதால் வகுத்தேன். மீதி ஏழு. எழுபதிலிருந்து எழுபத்தொன்பதுக்குள் பத்தொன்பதின் மடங்கு இருக்கிறதா? நாலு பத்தொன்பது எழுபத்தாறு! ஆறு! இருக்கிறது! நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, பருப்பு தீயுது. ஒம் மூக்கு என்ன அடைச்சா கெடக்கு?"

"தீயட்டும்!" என்றேன். கல்யாணமாகி முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, தானே போய் அடுப்பை அணைத்தார். அப்புறம் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நாலு பேருக்கு நல்லது பண்ணுத கணக்கா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இருபதுக்குப் பூஜ்யம். இருபத்தொன்றுக்கு மூன்று. இருபத்திரண்டுக்கு ஆறு. ஒவ்வொன்றுக்கும் இது கடைசி, இது கடைசி என்று முணுமுணுத்துக்கொண்டே வகுக்கிறேன், ஒவ்வொன்றும் பொருந்துகிறது. இருபத்துமூன்றுக்கு மீதி இருபது. இருநூறிலிருந்து தேட வேண்டும். ஒன்பது இருபத்துமூன்று இருநூற்றேழு, ஏழு போடு! இருபத்துநாலுக்கு இரண்டு. கடைசி இரண்டு இலக்கம் இருபத்தைந்தாக வந்தால் இருபத்தைந்துக்குப் போகும்; இரண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, ஐந்து போட்டால் போதும். போட்டேன்.

3608528850368400786036725.

பார்த்துக்கொள். கண்ணாரப் பார்த்துக்கொள். முப்பத்தாறை இரண்டால் வகு, முந்நூற்று அறுபதை மூன்றால் வகு, எந்த இடத்தில் வேண்டுமானாலும் கத்தியை வை, அத்தனையாவது எண்ணால் மீதியில்லாமல் வெட்டும். ஐந்து முறை பூஜ்யம் வருகிறது. அதில் நாமாகத் தேர்ந்தது ஒன்றே ஒன்று. அது இல்லாவிட்டால் இந்த எண்ணே இல்லை.

இருபத்தாறுக்கு வகுத்தேன். மீதி ஒன்பது. தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குள் வேண்டும். எழுபத்தெட்டு இந்தப் பக்கம் நின்றுவிட்டது, நூற்றுநாலு அந்தப் பக்கம். ஒன்று போட்டால் பதிமூன்றுக்குப் போகிறது, இருபத்தாறுக்குப் போகவில்லை. மூன்று முறை வகுத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று நீ வைத்த தடையை அதுவரைக்கும் நான் மீறவில்லை. கையால் முடித்த பிறகுதான் உன் மகளுக்குப் போன் செய்தேன், கோபிக்காதே. முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், சைதாப்பேட்டை சிக்னலில் காரை ஓரம் கட்டி, மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ தட்டினாள். "ஆன்ட்டி," என்றாள். "இருபத்தஞ்சு இலக்கத்துல ஒலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு. இருபத்தாறுல ஒண்ணு கூட இல்லை. நீங்க கையாலயா கண்டுபிடிச்சேள்? அம்மா இருந்திருந்தா ஆடிப் பாடியிருப்பா, ஆன்ட்டி." அப்புறம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

ஆக, நிற்கும். நான் சொன்னதுதான் சரி. எங்கேயும் ஒன்றும் ஓடிக்கொண்டே இருக்கவில்லை. எல்லா எண்ணும் இருபத்தைந்துக்குள் முடிந்துவிடுகிறது. இத்தனை வருஷமாக உன்னிடம் ஜெயிக்க ஆசைப்பட்ட சண்டை, ஜெயித்தாயிற்று. ஒரு நிமிஷம்கூட நன்றாக இல்லை. நீ பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது உண்மையாக இருந்திருக்கலாமே என்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் இது கிடைத்திருக்காது. மூன்றாவது இடம் உன்னுடையது, நீ அங்கே பூஜ்யம் போட்டிருக்க மாட்டாய், நானும் உன் கையைப் பிடித்து எழுதியிருக்க மாட்டேன். நீ இல்லாததால்தான் உன் முறையை என் இஷ்டத்துக்கு ஆட முடிந்தது. நேற்று கத்திக் குதித்து ஓய்ந்த பிறகு இது உறைத்தது. உலகத்திலேயே ஒன்றான அந்த எண் எனக்கு வேண்டாம், பதினெட்டோடு முட்டிக்கொண்டு நின்று நீ உதட்டைப் பிதுக்குவதே போதும் என்று தோன்றியது. ஆனால் இந்தக் காரியத்தில் யார் நம்மிடம் கேட்கிறார்கள்? பத்துக்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது?

இன்று காலை பூங்காவுக்குப் போனேன். எட்டுப் போட்டு நடந்தபடி எண்ணை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். இப்போது எனக்கு மனப்பாடம். உன் இலக்கங்களை வாய்விட்டுச் சொல்கிறேன், என்னுடையவற்றை மனசுக்குள். மூன்று என்கிறேன், ஆறை விழுங்கிக்கொள்கிறேன். பூஜ்யம் என்று உரக்கச் சொல்கிறேன், எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். ஏழு உன்னுடையது, இரண்டு என்னுடையது, கடைசி ஐந்து உன்னுடையது. இருபத்தாறாவது என் முறை. ஐந்து என்று உனக்காகச் சொல்லிவிட்டு, எனக்குப் போட ஒன்றும் இல்லாமல், பேசாமல் நடக்கிறேன்.